நரிக்குச் சோறு வைத்த ஞானம்மாள்

முழங்கை வரை வாளிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்த ஞானம்மாள், ஒரு பல்குத்தும் குச்சியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தொ பாரு பாயி. பல்ல நோண்டிட்டு அப்பிடியே கறியில குத்தி வச்சிட்டுப் பூடுறானுங்க. அத்து துன்னா தொண்டையில மாட்டிக்காது? படிச்சவனுங்க!" குச்சி பக்கத்திலிருந்த டால்டா டப்பாவுக்குள் விழுந்தது. டப்பாவில் ஏற்கெனவே சிகரெட் துண்டுகளும், வெள்ளித்தாளும், கசக்கிய பஸ் டிக்கெட்டும், யாரோ ஒரு அம்மாவின் தலைக் கிளிப்பும் கிடந்தன. எல்லாம் சாப்பாட்டு மிச்சத்தில் வந்தவை. கையை உதறிவிட்டு மறுபடியும் வாளிக்குள் விட்டாள்.

திருவிடந்தையைத் தாண்டி மாமல்லபுரம் போகிற கடலோர ரோட்டில், சவுக்குத் தோப்பை முதுகில் வைத்துக்கொண்டு ஒரு விடுதி இருக்கிறது. பேர் வேண்டாம். பட்டணத்துக் கார்களும் வெள்ளைக்காரர்களும் வந்து தங்குகிற இடம். நான் கேளம்பாக்கத்தில் சோடா போடுகிறவன். பெட்டி இறக்க அங்கே போகும்போதெல்லாம் இந்த அம்மாளைச் சமையல்கட்டுக்குப் பின்னால் பார்ப்பேன். பாத்திரம் தேய்ப்பது, எச்சில் இலை அள்ளுவது, பிறகு மிச்சத்தைப் பொறுக்கிச் சுத்தம் செய்து நரிகளுக்குக் கொண்டுபோய் வைப்பது. இதுதான் அவள் வேலை. ஆமாம், நரிகளுக்குத்தான். கூண்டு நரி இல்லை. தோப்புக்குள் தன்பாட்டுக்குத் திரிகிற காட்டு நரி.

ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருப்பாள். விடுதி கொடுத்தது. ஆம்பளை அளவு. கையை மடித்து மடித்து முழங்கைக்கு மேல் ஒரு தடித்த வளையம் போல ஆக்கி வைத்திருப்பாள். பையில் விடுதியின் பேர் சிவப்பு நூலில் தைத்திருக்கும். அந்தப் பைக்குள்தான் அவளுடைய வெற்றிலைப் பொட்டலம். ஞாயிற்றுக்கிழமை கோவளம் மாதா கோயிலுக்குப் போகிறபோது மட்டும் சட்டையைக் கழற்றுவாள். புருஷன் ஏசுதாஸ் கேளம்பாக்கம் உப்பளத்தில் கூலி. மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தக் காக்கிச் சட்டையால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எதையும் மோந்து பார்க்காமல் கொட்டமாட்டாள். புளித்த சாம்பார் சாதம் தென்னை மரத்து வேருக்குப் போகும். எலுமிச்சைத் தோல் ஒரு பக்கம். கிரீம் வைத்த கேக் வந்தால் முகத்தைச் சுளிப்பாள். "நமக்கே ஆவாது இத்து. நரிக்கு இன்னாத்துக்கு?" என்று மண்ணில் புதைப்பாள். அந்த வாளியிலிருந்து ஒரு துண்டு கறி அவள் வாய்க்கோ வீட்டுக்கோ போனதில்லை. காலனியில் வேறு மாதிரிப் பேசினார்கள். ஓட்டல் பிரியாணி தின்று தின்று ஞானம்மாள் மினுமினுக்கிறாள் என்றார்கள். அவள் கன்னத்து எலும்பைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான்.

நரிகளுக்குப் பேர் வைத்திருந்தாள். உருவத்தில் பெரியது, எப்போதும் முதலில் வருவது, அதற்குப் பேர் "மேனேஜரு". ஒரு நாள் தங்க வந்த குடும்பத்தில் ஒரு அம்மாள் காரணம் கேட்டாள். ஞானம்மாள் சொன்னாள்: "மொதல்ல வருவான். மொதல்ல துன்னுவான். மத்தவன் கிட்ட வந்தா உறுமுவான். வேற வேலயே கெடையாது. அதாம்மா." விடுதி மேனேஜர் வாசுதேவன் அப்போது பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் ஞானம்மாளுக்கு அண்டா தேய்க்கிற வேலையும் சேர்ந்துகொண்டது.

ஆனால் அவள் அந்த நரிகளைக் கொஞ்சியவள் இல்லை. தொட்டதும் இல்லை. வாளியைக் கவிழ்ப்பாள், கைப்பிடியை வாளியின் விளிம்பில் டங் டங் என்று தட்டுவாள், பின்வாங்கி வந்து நிற்பாள். நரிகள் சவுக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாக வரும். யாராவது ஆசையாக, "உன்கிட்ட நல்லாப் பழகிடுச்சே" என்று சொன்னால் கோபம் வரும். "பழகக் கூடாது சார். நாயா இத்து? நரி. அத்து அங்க இருக்கணும், நாம இங்க இருக்கணும்."

விடுதி கட்டிய புதிதில் சமையல்கட்டுக் குப்பைக் குழிக்கு ஒரு நரி வந்திருக்கிறது. யாரோ வெள்ளைக்காரர் பார்த்துக் கைதட்டிப் போட்டோ எடுத்திருக்கிறார். வாசுதேவனுக்கு மூளை வேலை செய்தது. தோப்பின் ஓரத்தில் சிமெண்ட்டில் ஒரு மேடை போட்டார். சாயங்காலம் ஞானம்மாள் அங்கே வாளியைக் கவிழ்ப்பாள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு தங்க வந்தவர்கள் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். அதோடு விட்டிருந்தால் கூடத் தொலைகிறது என்று நான் எழுதாமல் இருந்திருப்பேன்.

நம்மாட்கள் வந்தார்கள். நரி முகத்தில் விழித்தால் நல்ல காலம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை உண்டல்லவா? யாருக்காவது திடீரென்று ஒரு காரியம் கைகூடினால் "இன்னிக்கு நரி மூஞ்சியில முழிச்சியா?" என்றுதான் கேட்போம். வாசுதேவன் இதைப் பிடித்துக்கொண்டார். தோப்பைப் பார்த்து ஜன்னல் வைத்த பின்பக்கத்து அறைகளுக்கு "நரிமுக அறை" என்று போர்டு எழுதி மாட்டினார். அவ்வளவுதான். படத்துக்குப் பூஜை போடுகிறவர், கோர்ட்டில் தீர்ப்புக்கு நாள் குறித்தவர், பெண் பார்க்கப் போகிறவர், லாரி வாங்குகிறவர் எல்லாரும் முதல் நாளே வந்து தங்க ஆரம்பித்தார்கள். விடிகிற வேளையில் கண்ணைத் திறந்தால் எதிரே நரி இருக்க வேண்டும். அதற்கு நரி ஜன்னலுக்குக் கீழே வர வேண்டும். அதற்குச் சோறு ஜன்னலுக்குக் கீழே விழ வேண்டும்.

அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தப்பித் தவறி வேறு எதன் மேலாவது கண் பட்டுவிடக் கூடாதே என்று கட்டிலிலிருந்து எழும்போதே கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்வார்கள். வெயிட்டர் கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டி வருவார். நாற்காலியில் இடித்துக்கொண்டு, கதவில் முட்டிக்கொண்டு, தொந்தியும் லுங்கியுமாகப் பெரிய பெரிய மனிதர்கள் தடவித் தடவி வந்து நிற்பார்கள். கீழே ஞானம்மாள் வாளியைத் தட்டுவாள். "வந்துட்டுதா? வந்துட்டுதா?" என்று மேலேயிருந்து கேட்பார்கள். "வந்துட்ச்சி, தொறந்துக்கோ" என்பாள் இவள்.

ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கட்டின பொண்டாட்டி பக்கத்துல படுத்துகினு கீறா. அவ மூஞ்சியில முழிச்சா ஆவாதாம். நரி மூஞ்சி ஒஸ்தியாம். அந்தம்மா இன்னா பாவம் பண்ணிச்சி பாயி?" ஜன்னலில் இருந்த அந்தம்மாவுக்கு இது கேட்டது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

ஜன்னலுக்குக் கீழே வைக்கச் சொன்ன முதல் நாளே ஞானம்மாள் வாசுதேவனிடம் போய் நின்றிருக்கிறாள். "ஐயா, கிட்ட கூப்புட வாணாம். தோப்போட நிக்கட்டும். கிட்ட வந்தா அப்பால போவாது."

"உன்னை யோசனையா கேட்டேன்? வாளியைத் தூக்குன்னா தூக்கு."

தூக்கினாள். சம்பளக்காரி வேறு என்ன செய்வாள்?

அந்த நரிகள் முன்னே எப்படி இருந்தன என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடியற்காலையில் அலை ஒதுக்கிப் போட்ட நண்டையும் மீனையும் பொறுக்கித் தின்னும். வேர்க்கடலைக் கொல்லையில் எலி பிடிக்கும். அதனாலேயே கொல்லைக்காரர்கள் அவற்றை விரட்டமாட்டார்கள். மனித வாடை பட்டால் ஓடிவிடும். விடுதிச் சோறு பழகின பிறகு கடற்கரைக்குப் போவதை விட்டுவிட்டன. பட்டப்பகலில் காம்பவுண்டுச் சுவரோரம் நிழலில் படுத்துக்கொண்டு சமையல்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. "எங்கூட்டுக்காரன் மாரி ஆயிட்ச்சிங்க. எப்போ தட்டு வரும்னு குந்திகினு கீதுங்க" என்றாள் ஞானம்மாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

விடுதியில் ஆள் இல்லாத நாட்களும் உண்டு. மழைக்காலத்தில் வாளி காலி. நரி வயிறு காலண்டர் பார்க்குமா? அது சோறு கிடைக்கிற பக்கம் போகும். விடுதிக்கு மேற்கே, ரோட்டைத் தாண்டினால் காலனி. விடுதியில் கூட்டம் குறைந்தபோதெல்லாம் காலனியில் கோழி குறைந்தது. பிறகு ஆட்டுக்குட்டி குறைந்தது. மூங்கில் தட்டிக் கதவுக்குப் பின்னால் குழந்தைகளைப் போட்டுக்கொண்டு படுக்கிற ஜனங்கள். பயந்துபோனார்கள். பயந்தவர்கள் யாரைத் திட்டுவார்கள்? வாசுதேவனையா? அவரிடம் போய் நிற்க முடியுமா? ஞானம்மாளைத் திட்டினார்கள்.

அவளுடைய கொழுந்தன் மோசஸ்தான் முதலில் சண்டைக்கு வந்தான். அவனுடைய ஆட்டுக்குட்டி போயிருந்தது. விடுதியின் பின்கேட்டுக்கே வந்து கத்தினான்.

"அண்ணி! நரிக்கு மாமியா வூடு நடத்துறியே, விருந்தாளிங்க ராத்திரிக்கு எங்க வர்றாங்க தெரியுமா? எங்கூட்டுக்கு!"

"தெரியும்டா."

"தெரியும்னா? நிறுத்தேன்."

"நான் நிறுத்தினா நாளைக்கி வேறொருத்தி தூக்குவா. அவ குச்சியப் பொறுக்குவாளா?"

"குச்சியா? எங்குட்டி பூட்ச்சி, நீ குச்சி கதை சொல்றியா?"

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் ஞானம்மாள் தன் வீட்டில் இருந்த ஒரே வெள்ளாட்டுக் குட்டியை இழுத்துக்கொண்டு போய் மோசஸ் வீட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டு வந்துவிட்டாள். மோசஸே எனக்குச் சொன்னான். வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான், ஆனால் குட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இன்னொரு தொல்லையும் வந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது நரிகள் அவள் பின்னாலேயே வர ஆரம்பித்தன. உடம்பெல்லாம் கறி வாடை, எண்ணெய் வாடை. காலனிக்கு வழி காட்டுகிற மாதிரி ஆகிவிடுமே என்று ஞானம்மாள் நேராக வீட்டுக்குப் போவதை விட்டாள். முதலில் கடலுக்குப் போவாள். புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மணலை அள்ளிக் கையையும் கழுத்தையும் தேய்த்துக்கொள்வாள். நனைந்த துணியோடு சுற்று வழியில் வீடு போய்ச் சேருவாள். மார்கழிக் குளிரிலும் இதே கதைதான். காலனிப் பெண்கள் கிண்டல் செய்தார்கள்: "ஞானம்மாக்கு தெனம் ஞானஸ்நானம்டி!" அவளுக்கு உப்புத் தண்ணீரில் தோல் வெடித்துக் காலெல்லாம் சொறியாகிவிட்டது. காரணம் கேட்டவர்களிடம், "ஒடம்பு எரிச்சலு, குளிச்சா நல்லா கீது" என்று சொல்லி வைத்தாள்.

தை மாதம் பட்டணத்து ஜவுளிக்காரர் ஒருவர் வந்தார். புதுக் கடை திறக்கிறாராம். சும்மா ஜன்னலில் நின்று பார்ப்பது அவருக்குப் போதவில்லை. முகத்துக்கு நேரே முகம் இருக்க வேண்டுமாம். பின்பக்கத்துப் படியில் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கோழிக்காலை எடுத்துத் தன் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டார். வாசுதேவன் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் கீழே பிடிங்க சார்" என்று சரிசெய்து கொடுத்தார். ஞானம்மாள் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "யோவ், வாணாம்யா! கையக் கீழ போடு!" என்று கத்தினாள். வாசுதேவன் அவளைப் பார்த்து விரலை வாயில் வைத்தார்.

நரிக்கு எது கோழிக்கால், எது ஜவுளிக்காரர் விரல் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரே கவ்வு. துண்டு அவிழ்ந்தபோது அந்த மனிதர் விழித்தது தன் கை ரத்தத்தில்.

காரில் போட்டுச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொப்புளைச் சுற்றி ஊசி. விரல் நுனி போய்விட்டது. கார் திரும்பி வருவதற்குள் நரிமுக அறை போர்டைக் கழற்றியாயிற்று. ஆணி இருந்த ஓட்டையைக் கூடச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டார்கள். தங்கியிருந்தவர்களிடம் வாசுதேவன் என்ன சொன்னார் தெரியுமா? நானே நின்று கேட்டேன். "இந்தக் காலனி ஜனங்க கண்டதையும் போட்டு நரியை வளர்த்துவிட்டுட்டாங்க சார். எத்தனையோ தடவை சொல்லியாச்சு." என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கண் கூசவில்லை.

அன்று மத்தியானமே திருப்போரூர் போய்ப் பயிருக்கு அடிக்கிற எண்டிரின் டின் ஒன்று வாங்கி வந்தார். ஞானம்மாளைக் கூப்பிட்டார். நான் காலிப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மோசஸும் இருந்தான். இதற்கு மட்டும் அவனைக் கேட்டுக்கு உள்ளே விட்டிருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில இதைக் கறியில கலந்து மேடையில வை. நீ கூப்பிட்டாத்தான் அதுங்க வரும். ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

ஞானம்மாள் டின்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. "காக்கா துன்னும் சார். காலனி நாயிங்க துன்னும்."

"நாயைக் கட்டி வைக்கச் சொல்லியாச்சு. இதை முடிச்சுக் கொடு, உன்னை நிரந்தரம் பண்ணிடறேன். சீட்டு கொடுத்துடறேன். இல்லேன்னா சட்டையைக் கழற்றி வச்சிட்டுப் போயிடு."

நிரந்தரம் என்றால் மழைக்காலத்திலும் குறையாத முழுச் சம்பளம். அந்த வார்த்தைக்காக அவள் இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். எனக்குத் தெரியும். அங்கே எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் சொன்னார்.

மோசஸ் கெஞ்சினான். "அண்ணி, ஒரு தபா. எம்பொண்ணு பச்சப் புள்ள, தட்டிக்கிப் பின்னால படுத்துகினு கீது. ஜவுளிக்காரன் விரலக் கவ்வினது நாளைக்கி அதும் கழுத்தக் கவ்வுனா?"

அவன் பேச்சில் தப்பு சொல்ல முடியாது. அவளும் சொல்லவில்லை. அவனிடம்தான் பேசினாள், மேனேஜரிடம் இல்லை.

"மோசஸு, உம்புள்ளைக்காக நீ தடி எடுத்துகினு எதிர்ல நின்னு அடி. நானும் கூட வந்து நிக்கிறேன். அத்து பொயப்பு அத்துக்கு, நம்ப பொயப்பு நமக்கு. ஆனா நான் 'சோறு வா'ன்னு கூப்ட்டு, அத்து நம்பி வந்து, வாயில நொரை தள்ளிச் சாவணுமா? என்னால ஆவாதுடா."

"நரிக்கா நம்பிக்கை? காமெடி பண்ணாதே" என்றார் வாசுதேவன்.

"யாரு சார் காமெடி பண்ணது? கண்ணுல துண்டு கட்டிகினு குந்தினது நரியா?"

வாசுதேவன் முகம் கறுத்தது. "காலையில வா. பார்க்கலாம். யோசிச்சுட்டு வா."

இதில் ஆத்திரப்பட எதுவும் இல்லை, நரிதானே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். படித்தவர்கள், நல்லவர்கள்தான். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடற்கரையில் நண்டு தின்றுகொண்டிருந்த ஒன்றைக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, அதன் முகத்தில் அதிர்ஷ்டம் தேடியது யார்? அதன் வாயில் விரலை வைத்தது யார்? கடைசியில் குற்றவாளி நரியாம். அதற்கு அடுத்த குற்றவாளி வாளி தூக்கினவளாம். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பில்லைக் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

இப்போது ஞானம்மாள் சவுக்குக் கட்டை சுமக்கிறாள். வெட்டின கட்டையைத் தோப்பிலிருந்து லாரி நிற்கிற ரோடு வரை தலையில் தூக்கி வர வேண்டும். தினக்கூலி. லாரி வராத நாளில் அதுவும் இல்லை. காலனியில் பாதிப் பேர் அவளோடு பேசுவதில்லை. போன வாரம் ரோட்டோரம் அவளைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஒரு சோடா உடைத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "காரம் கம்மி பாயி. கேசு புடிக்கலியா?" என்றாள். குறை சொல்லாமல் அவளால் ஒன்றையும் வாங்க முடியாது.

வாசுதேவன் அவளை வரச் சொன்ன அந்தக் காலையில் நான் அங்கேதான் இருந்தேன். முந்தின நாள் எடுக்காமல் விட்ட புட்டிகளுக்காகப் போயிருந்தேன். சமையற்காரரை வைத்து எண்டிரினைக் கறியில் கலந்து, தோப்போரத்து மேடையில் கொட்டியிருந்தார்கள். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. வாசுதேவன் தானே வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கைப்பிடியைத் தட்டினார். தட்டினார், தட்டினார், கை வலிக்கத் தட்டினார். சவுக்கு மரங்களுக்கு நடுவில் ஒன்றும் அசையவில்லை. காகங்கள்தான் வந்தன. ஒன்று மேடையிலிருந்து கறியைக் கொத்திக்கொண்டு பறந்து, பாதி வழியில் கல் மாதிரி விழுந்தது.

அப்போது ஞானம்மாள் வந்தாள். வேலை உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. வழக்கம் போலக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்கேட்டு வரை வந்தவள், மேடையையும் செத்த காகத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

அவள் நின்ற மாத்திரத்தில் தோப்பில் ஒரு சலசலப்பு. முதலில் ஒரு மூக்கு. பிறகு ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. வாளிச் சத்தத்துக்கு வராதவை அவள் வாடைக்கு வந்துகொண்டிருந்தன. மேடை அவற்றுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது.

வாசுதேவன் தட்டிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தார். சத்தம் போடாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஞானம்மா! அங்கேயே நில்லு. அசையாதே. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கலக்க வேண்டாம், கூப்பிட வேண்டாம். சும்மா நில்லு, போதும். வேலை உனக்குத்தான்."

கேட்டீர்களா? சும்மா நின்றால் போதும். பாவமும் இல்லை, பழியும் இல்லை. எத்தனை பேர் இந்த உலகத்தில் சும்மா நின்றே நிரந்தரம் ஆகியிருக்கிறார்கள்!

ஞானம்மாள் திரும்பினாள். காலனி இருக்கிற மேற்குப் பக்கம் இல்லை. கிழக்கே, வேலிக்கு வெளியே, கடலைப் பார்த்து நடந்தாள். வேகமாக இல்லை, ஓட்டமாக இல்லை. சந்தைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். "ஏய், நில்லு! நில்லுன்னா!" என்று வாசுதேவன் இப்போது வாய்விட்டே கத்தினார். நரிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பெரியது மேடை வரை வந்துவிட்டது, கறியை மோந்தது. ஞானம்மாள் கையைத் தட்டி "ஏய்!" என்று ஒரு அதட்டுப் போட்டாள். அது மூக்கை எடுத்தது. வாடை பிடிக்கவில்லையோ, அவள் குரல்தான் பிடித்ததோ, மேடையைச் சுற்றிக்கொண்டு அவள் பின்னால் போயிற்று. மற்றவை அதன் பின்னால் போயின.

மணல்மேட்டில் ஏறி ஈர மணலில் இறங்கினாள். காக்கிச் சட்டையின் முதுகு தூரத்தில் சிறிதாகிக்கொண்டே போனது. பின்னால் பழுப்புப் புள்ளிகளாக நரிகள். அவள் ஒரு முறையும் விடுதிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் நின்றாள். கடைசியாக வந்துகொண்டிருந்த நரி ஒரு காலை ஊன்ற முடியாமல் நொண்டிக்கொண்டு வெகுதூரம் பின்தங்கிவிட்டது. ஞானம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அது மற்றவற்றோடு வந்து சேருகிற வரை அலையில் கால் நனைய நின்றிருந்தாள். அது வந்து சேர்ந்ததும் நடந்தாள்.